உருகுநிலையும் உண்மையும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கருத்தரங்கில் வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் ஏடும் எழுதுகோலும் கொடுத்துவரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில் பேச எனக்கு இடமளித்தமைக்கு நன்றி. கல்வியின் பெருமையைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் என்னை அழைத்தார்கள். அதைப் பேசுவதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நான் வாழ்நாளின் பெரும்பகுதியை வேதியியல் ஆய்வகத்தில் நின்றே கழித்தவன். எனவே, அங்கு நாள்தோறும் நடைபெறும் ஒரு சிறு செயலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பொருளின் உருகுநிலையை அளப்பது எப்படி என்பதே அது. இவ்வளவு சிறிய செயலில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். அதே செயலில்தான் நான் என் மாணவப் பருவத்தில் ஒரு பெரிய பிழை செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்லுவேன்.

உருகுநிலை என்பது யாது?

மார்கழி, தை மாதங்களில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து வெண்மையாக நிற்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். வெயிலில் வைத்தால் இளகுகிறது. ஆனால், ஒரே நொடியில் இளகுவதில்லை. ஓரம் முதலில் நெகிழ்கிறது. நடுப்பகுதி கட்டியாகவே கிடக்கிறது. பின்னர் மெல்ல மெல்லத் தெளிகிறது. பனிக்கட்டியோ அவ்வாறு நெகிழ்வதில்லை. 0 டிகிரி செல்சியஸில் அது உருகத் தொடங்கும். கடைசித் துண்டு கரையும்வரை, கலக்கிக்கொண்டே இருந்தால், வெப்பமானி அந்த 0 டிகிரியை விட்டு நகராது.

ஏன் இந்த வேறுபாடு? தேங்காய் எண்ணெய் பல கொழுப்புகளின் கலவை. பனிக்கட்டி ஒரே பொருள். அதில் மூலக்கூறுகள் ஒழுங்கான அணிவகுப்பில் நிற்கின்றன. வெப்பம் ஏற ஏற அவை நின்ற இடத்திலேயே மேலும் மேலும் அதிர்கின்றன. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அந்த அணிவகுப்பு கலைகிறது. அப்போது நாம் கொடுக்கும் வெப்பம் முழுவதும் கட்டை அவிழ்ப்பதற்கே செலவாகிறது, வெப்பநிலையை உயர்த்துவதில்லை. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் இவ்வாறு மறைந்துபோகிறது. இதனை 1760-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து ‘மறை வெப்பம்’ என்று உலகுக்கு எடுத்துரைத்தவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிளாக்.

தூய பொருள் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய உருகுநிலை உண்டு. நாஃப்தலீன் 80 டிகிரியிலும், அசெட்டனிலைடு 114 டிகிரியிலும், பென்சாயிக் அமிலம் 122 டிகிரியிலும் உருகுகின்றன. இம்மூன்றும் வெண்மையானவை. கண்ணால் பார்த்து வேறுபடுத்த முயன்றால் ஏமாந்துபோவோம். வெப்பமானி வேறுபடுத்திக் காட்டிவிடும்.

கொதிநிலைக்கு இல்லாத ஒரு நிலைத்த தன்மையும் உருகுநிலைக்கு உண்டு. சென்னையில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. உதகமண்டலத்தில், காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆனால், பென்சாயிக் அமிலம் சென்னையிலும் உதகையிலும் ஒரே 122 டிகிரியில்தான் உருகும். இந்த அளவு அழுத்த மாற்றத்தால் உருகுநிலையில் ஏற்படும் மாறுதல் நம் வெப்பமானியில் தெரியாத அளவுக்கு மிகச் சிறியது.

இந்த அளவீட்டைத் தூய்மைக்குச் சான்றாக ஆண்டவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டின் மிசேல் யூஜின் செவ்ரால். 1786-இல் பிறந்து 1889-இல் மறைந்த அவர், நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பெரியார். விலங்குக் கொழுப்புகளைப் பிரித்தெடுத்து, மீண்டும் மீண்டும் படிகமாக்கி, இனி உருகுநிலை மாறவில்லை என்று கண்ட பிறகே ‘இது தூய பொருள்’ என்று அவர் எழுதினார். அக்கொழுப்பு ஆய்வுகளைத் திரட்டி 1823-இல் நூலாக வெளியிட்டார். நல்ல மெழுகுவத்தி செய்யப் பயன்பட்ட ஸ்டியரிக் அமிலம் அந்த ஆய்வுகளின் வழியே கிடைத்ததுதான். அது உருகுவது ஏறத்தாழ 69 டிகிரியில்.

அளக்கும் முறை

இனிச் செய்முறைக்கு வருவோம். கல்லூரியில் சேரவிருக்கும் இளைஞர்கள் இதனைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

முதலில் பொருள் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரமும் ஒரு மாசுதான். உலர்ந்த பொருளைக் கடிகாரக் கண்ணாடியில் வைத்து நுண்ணிய பொடியாக அரைத்துக்கொள்க. ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர் துளையுள்ள, ஏழெட்டு சென்டி மீட்டர் நீளமுள்ள தந்துகிக் குழாய் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையைச் சுடரின் ஓரத்தில் காட்டிச் சுழற்றினால் முனை மூடிக்கொள்ளும். திறந்த முனையைப் பொடியில் குத்தி, குழாயை நிமிர்த்தி மேசைமேல் மெல்லத் தட்டினால் பொடி அடியில் இறங்கும். நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை மேசைமேல் நிறுத்தி, அதனுள் தந்துகிக் குழாயை மேலிருந்து இரண்டு மூன்று முறை விழவிட்டால் பொடி இறுகிவிடும். பொடியின் உயரம் 2 அல்லது 3 மில்லி மீட்டர் இருந்தால் போதும். அதற்குமேல் அடைத்தால் அடிப்பொடி உருகும்போது மேற்பொடி இன்னும் காத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, தந்துகிக் குழாயை வெப்பமானியோடு சேர்த்து ஒரு சிறு ரப்பர் வளையத்தால் கட்ட வேண்டும். பொடி இருக்கும் இடமும் பாதரசக் குமிழும் ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். ரப்பர் வளையம் எண்ணெய் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். சூடேறினால் எண்ணெய் விரிந்து உயரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இவற்றைச் சூடாக்குவதற்கு உரிய கலம் தீலெ குழாய். ஜெர்மானிய வேதியியலறிஞர் யோகானஸ் தீலெ என்பவர் 1907-இல் இதனை அமைத்துக் காட்டினார். நேரான ஒரு குழாயின் பக்கத்தில் வளைந்த கை ஒன்று ஒட்டியிருக்கும். அந்தக் கையைச் சூடாக்கினால், சூடான எண்ணெய் மேலேறி நேர்க்குழாய்க்குள் புகும். குளிர்ந்த எண்ணெய் கீழிறங்கிக் கைக்கு வரும். கலக்குவதற்கு ஆளே வேண்டாம். எண்ணெய் தானாகச் சுற்றிவரும். நூறாண்டுகளுக்கு மேலாகியும் நம் கல்லூரி ஆய்வகங்களில் இக்குழாய் காணப்படுவதற்கு அதன் எளிமையே காரணம்.

முற்காலத்தில் இதில் அடர் கந்தக அமிலத்தை ஊற்றிச் சூடாக்குவார்கள். குழாய் உடைந்தால் கண்ணும் முகமும் வெந்துபோகும். இப்போது திரவ பாரஃபினோ சிலிக்கோன் எண்ணெயோ போதும். ஆயினும் கண்ணாடி அணியாமல் ஆய்வகத்தில் நிற்காதீர்கள். குழாயின் வாயை அடைக்கும் தக்கையில் ஒரு பக்கத்தைச் செதுக்கிக் காற்றுக்கு வழி விட வேண்டும். மூடிய கலத்தைச் சூடாக்குவது வெடியை மடியில் கட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

சூடாக்கும் வேகத்தில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஏறினாலும் குற்றமில்லை. எதிர்பார்க்கும் உருகுநிலைக்கு 15 டிகிரி கீழே வந்ததும் சுடரைத் தணித்து, நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விரைந்து சூடாக்கினால் எண்ணெயின் வெப்பநிலை ஒன்று, பொடியின் வெப்பநிலை ஒன்று, வெப்பமானி காட்டுவது இன்னொன்று என்றாகிவிடும். பொருளின் உருகுநிலை முன்னரே தெரியாதென்றால், முதலில் ஒருமுறை விரைவாகச் செய்து ஏறத்தாழ எங்கே உருகுகிறது என்று அறிந்துகொள்ளலாம். பின்னர், எண்ணெயை ஆறவிட்டு, புதிய குழாயில் புதிய பொடி எடுத்து மெதுவாகச் செய்ய வேண்டும். ஒருமுறை உருகிய பொடியை மீண்டும் பயன்படுத்தலாகாது. அது சிதைந்திருக்கக் கூடும்.

குறிக்க வேண்டிய எண்கள் இரண்டு. முதல் துளி ஈரம் தோன்றும் வெப்பநிலை ஒன்று. கடைசிப் படிகமும் மறைந்து, முழுவதும் தெளிந்த நீர்மமாகும் வெப்பநிலை மற்றொன்று. ‘121 முதல் 122 வரை’ என்று இரண்டையும் எழுத வேண்டும். இடைவெளி ஒரு டிகிரிக்குள் இருந்தால் பொருள் பெரும்பாலும் தூயது. ‘113 முதல் 119 வரை’ என்று வந்தால் அதில் ஏதோ கலந்திருக்கிறது.

மாசு எவ்வாறு காட்டிக்கொடுக்கிறது?

ஐஸ்கிரீம் செய்பவர் பனிக்கட்டியில் உப்பை அள்ளிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு சேர்ந்தால் பனிக்கட்டி 0 டிகிரிக்குக் கீழேயே உருகுகிறது. உரிய அளவில் கலந்தால் 0-க்குக் கீழே 21 டிகிரி வரையிலும் குளிர்ச்சி இறங்குகிறது. ரேடியோ பழுது பார்ப்போர் நெடுங்காலம் பயன்படுத்திய பற்றாசிலும் இதே நியதிதான். ஈயம் 327 டிகிரியிலும் வெள்ளீயம் 232 டிகிரியிலும் உருகும். இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். அயல் பொருள் கலந்தால் உருகுநிலை தாழும் என்பது பொது விதி.

இவ்விதியைப் பயன்படுத்தி ஓர் அழகிய சோதனை செய்கிறோம். யூரியாவும் சின்னமிக் அமிலமும் ஏறத்தாழ ஒரே 133 டிகிரியில் உருகுகின்றன. உங்கள் கையில் உள்ள பொடி 133-இல் உருகுகிறது, அது எது? அதனோடு தூய யூரியா சிறிது கலந்து மீண்டும் பாருங்கள். உருகுநிலை 133-லேயே நின்றால் அது யூரியா. பல டிகிரி கீழே இறங்கினால் அது யூரியா அன்று. இதற்குக் ‘கலப்பு உருகுநிலை’ காணல் என்று பெயர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. ‘தூய்மை’ என்ற சொல்லைக் கேட்டால் நம் மக்களின் உள்ளம் சுருங்குவது இயற்கை. எத்தனையோ தலைமுறைகளாக அச்சொல்லைக் காட்டியே நம்மைக் கிணற்றடியிலும் வாயிற்படியிலும் நிறுத்தினார்கள். அந்தத் தூய்மைக்கு அளவுகோல் இல்லை, சோதனை இல்லை, பிறப்பு ஒன்றே போதும் என்றார்கள். ஆய்வகத்தில் அந்தப் பேச்சு செல்லாது. ‘என் பொருள் தூயது’ என்று சொல்பவர், தந்துகிக் குழாயில் அதை இட்டு எல்லோர் முன்னிலையிலும் உருக்கிக் காட்ட வேண்டும். மாசு இருந்தால் அது பொருளின் பிறவிக் குற்றமும் அன்று. மாசுபட்ட பென்சாயிக் அமிலத்தைக் கொதிநீரில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, ஆறவைத்தால் வெண்மையான படிகங்கள் மீண்டும் பிறக்கும். மாசு நீரோடு தங்கிவிடும். உலர்த்தி அளந்தால் 122 வந்து நிற்கும்.

நான் செய்த பிழை

என் பெற்றோர் கையெழுத்திடக் கற்காதவர்கள். எங்கள் தெருவிலிருந்து அறிவியல் படிக்கச் சென்ற முதல் ஆள் நான். ஆய்வகத்தில் நான்கு மாணவருக்கு ஒரு தீலெ குழாய் கொடுப்பார்கள். மற்ற மூவரும் முன்னே நிற்பார்கள். நான் பின்னே நிற்பேன். கண்ணாடியை உடைத்துவிட்டால் பணம் கட்ட வேண்டுமே என்ற அச்சம் ஒன்று. ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்று யாரேனும் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம் மற்றொன்று. அவர்கள் எண்ணைச் சொல்லுவார்கள்; நான் பதிவேட்டில் எழுதிக்கொள்வேன். ஆண்டு முழுவதும் என் பதிவேட்டில் மிக அழகான எண்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றையும் என் கண் கண்டதில்லை.

செய்முறைத் தேர்வு வந்தது. ஒரு வெண்ணிறப் பொடியை என் கையில் கொடுத்தார்கள். ‘இம்முறை பென்சாயிக் அமிலம்தான் கொடுத்திருக்கிறார்கள்’ என்று பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் காதில் விழுந்தது. நடுங்கும் கையோடு முதன்முறையாக நானே குழாயை மூடினேன்; நானே பொடியை நிரப்பினேன். வெப்பமானி 113-ஐக் கடந்தபோது பொடியில் ஈரம் தோன்றியது. 114-இல் தெளிந்துவிட்டது. என் உள்ளம் பதறியது. பென்சாயிக் அமிலமாயிற்றே, 122 அல்லவா வர வேண்டும்? நான்தான் எங்கோ தவறு செய்திருப்பேன் என்று முடிவு செய்தேன். விடைத்தாளில் ‘121 முதல் 122 வரை’ என்று எழுதினேன். எனக்குக் கொடுத்திருந்த பொருள் அசெட்டனிலைடு. என் கண் சரியாகவே கண்டிருந்தது.

மதிப்பெண் போயிற்று, அது பெரிதன்று. என் கண் கண்டதை நானே நம்பாமல் போனேனே, அதுதான் என்னை நெடுநாள் வாட்டியது. மற்றவன் காதில் சொன்ன சொல்லுக்கு ஒரு மதிப்பு, என் கண்ணுக்கு அம்மதிப்பு இல்லை என்று எனக்குள் நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். அந்தத் தீர்ப்பை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. பின்னால் நின்று நின்று நானே கற்றுக்கொண்டது அது.

பின்னாளில் ஆசிரியனாகி அதே மேசைகளின் ஓரம் நடந்தபோது, பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கண்டவுடனே அடையாளம் தெரிந்தது. அவர்களை முன்னே அழைத்துக் குழாயைக் கையில் கொடுப்பேன். உடைந்தால் உடையட்டும் என்பேன். அவர்களுக்கு நான் சொன்னது இது ஒன்றே: கண்டதைக் கண்டபடி எழுது.

அப்படியானால் நாம் கண்ட எண் என்றும் தவறாதா? தவறலாம். வெப்பமானியே பிழையாக இருக்கலாம். எனவே அதையும் சோதிக்க வேண்டும். உருகும் பனிக்கட்டியில் 0 காட்டுகிறதா, தூய பென்சாயிக் அமிலத்தில் 122 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய்க்கு வெளியே நிற்கும் பாதரச இழை குளிர்ந்திருப்பதாலும் எண் குறையும். வெப்பமானி 200 டிகிரி காட்டும்போது, 100 டிகிரி அளவு இழை வெளியே 50 டிகிரிச் சூட்டில் நின்றால், ஏறத்தாழ 2.4 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும். சில பொருள்கள் உருகாமலே சிதையும். பற்றாசைப் போன்ற சில கலவைகள், கலவையாக இருந்தும், ஒரே வெப்பநிலையில் உருகி நம்மை ஏமாற்றும். ஆகவே, எண் புத்தகத்தோடு ஒத்துவராதபோது மீண்டும் செய்ய வேண்டும். காரணத்தைத் தேட வேண்டும். ஆனால், எண்ணை மாற்றி எழுதுதல் கூடாது. மூன்று முறை செய்து மூன்று முறையும் 114 வந்தால், 122 என்று உலகமே சொன்னாலும் 114 என்றே எழுதுங்கள். என் கதையில், காரணத்தைத் தேடியிருந்தால் அசெட்டனிலைடு என்ற விடையே கிடைத்திருக்கும்.

கழகத்துக்கு ஒரு வேண்டுகோள்

இன்று பல ஆய்வகங்களில் மின் கருவிகள் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் திரையில் எண் தோன்றுகிறது. பாதரசம் நஞ்சு என்பதால், 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் பாதரச வெப்பமானிகளும் படிப்படியாக விலகிவருகின்றன. நல்லதே. கருவி மாறினாலும் பார்க்கும் கண்ணும் எழுதும் கையும் நம்முடையவையாக இருக்க வேண்டும்.

நம் கழகத்தின் மாலை வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கிறோம். இந்த வெள்ளி விழா ஆண்டில் ஒரு செய்முறை மேசையும் அமையட்டும். பெருஞ்செலவு வேண்டாம். ஒரு முகவை, நீர், நல்ல வெப்பமானி ஒன்று, சில தந்துகிக் குழாய்கள், ஒரு ஸ்பிரிட் விளக்கு இவையே போதும். கடையில் விற்கும் பூச்சி உருண்டைகளில் சில நாஃப்தலீனால் ஆனவை. சில பாரா டைகுளோரோ பென்சீனால் ஆனவை. இரண்டும் வெண்மையானவை, இரண்டும் மணம் வீசுபவை. முன்னது 80 டிகிரியிலும் பின்னது 53 டிகிரியிலும் உருகும். வெந்நீரே போதும், எண்ணெயும் வேண்டாம். ஆசிரியர் ஒருவர் அருகில் நிற்க, சன்னல்களைத் திறந்துவைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் குழாயை நிரப்பித் தன் கண்ணால் எண்ணைப் படிக்கட்டும். பின்னர்க் கையைக் கழுவிக்கொள்ளட்டும்.

அவ்வாறு படித்த பிள்ளை கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழையும்போது பின்வரிசைக்குப் போகாது. அந்த ஒரு மாற்றத்தைக் காண, முதல் வெப்பமானியை வாங்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதனை இன்று உடன் கொண்டுவந்திருக்கிறேன். செயலாளர் அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.